பச்சைக் காரில் விழுந்த விரிசல்

பொன்னுரங்கத்தின் வீட்டில் நல்ல அறை ஒன்று, மோசமான அறை ஒன்று. நல்ல அறைக்குக் கான்கிரீட் தளம், வழவழப்பான சிமெண்ட் தரை, ஜன்னலுக்கு இரட்டைக் கதவு. மோசமான அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்; சித்திரை வெயிலில் உள்ளே போனால் ஆள் வெந்துவிடுவான். மோசமான அறையில் பொன்னுரங்கம் படுத்துக்கொண்டார். நல்ல அறையில் கார்கள் இருந்தன.

சிரிக்காதீர்கள். கள்ளக்குறிச்சியில் ஏமப்பேர் பக்கம் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. "பொம்மக் காரு டிரைவர் வூடா? அதோ, ஜன்னல் சாத்தியே கெடக்குது பாரு, அதான்" என்று கைகாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஜன்னல் ஏன் சாத்தியே கிடந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மனுஷன் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சொல்லியிருப்பார். மேற்கே கல்வராயன் மலையில் இருட்டிக்கொண்டு வந்தாலே காற்றில் ஈரம் ஏறிவிடும். ஈரம் கார்களுக்கு ஆகாது. வெயிலும் ஆகாது. சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் அதுவும் ஆகாது. பச்சைப்பிள்ளையை வைத்துக் காப்பாற்றுவதற்கு இதைவிடக் குறைவாகத்தான் பாடுபடவேண்டும்.

மொத்தம் முப்பத்தோரு கார்கள். உள்ளங்கையில் அடங்கும். தகரமில்லை, பிளாஸ்டிக் இல்லை, உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தவை; கையில் எடுத்தால் கனம் தெரியும். கண்ணாடி பீரோவில் ஒவ்வொன்றின் வயிற்றுக்கடியிலும் சின்ன மரக்கட்டை ஒன்று செதுக்கி வைத்திருந்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்திருக்கும், சக்கரம் தரையில் படாது. பட்டால் பழைய ரப்பர் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்ச ஒரு குருணைப் பொட்டலம் போடுவார்களே, அதை மெடிக்கல் கடைகளில் கேட்டு வாங்கிவந்து மூலைக்கு மூலை வைத்தார். ஒரு ஆயுத பூஜைக்கு ஆசை ஆசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் துடைத்தபோது பெயின்ட்டும் கூடவே வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பத்தடி தள்ளி நின்று ஊதுவத்தி காட்டுவதோடு சரி.

இந்தப் பைத்தியம் பிடித்தது எழுபத்து நாலில். அப்போது ரைஸ் மில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அரிசி லோடு பாண்டிச்சேரிக்குப் போகும். சனிக்கிழமை போய் இறக்கினால் ஞாயிற்றுக்கிழமை அங்கே சந்தை. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போனபோது விட்டுவிட்டுப் போன தட்டு, கோப்பை, விளக்கு, கடிகாரம் எல்லாம் பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துக் கிடக்கும். தனசேகரன் என்ற ஒரு வியாபாரியின் சாக்கில், துருப்பிடித்த சாவிகளுக்கு நடுவே ஒரு பச்சைக் கார் கிடந்தது. முதுகு வளைந்து, முன்னால் இரண்டு விளக்கு உப்பிக்கொண்டு, பார்க்கவே லட்சணமாக இருந்தது.

"ரெண்டாம் யுத்தத்துக்கு முந்தின சரக்குய்யா. இந்த மாதிரி இனிமே வராது" என்றார் தனசேகரன்.

பத்து டன் லாரியை ஓட்டுகிறவர். சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. பச்சைக் காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். வழியெல்லாம் ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, ஒரு கை அடிக்கடி பையைத் தொட்டுப் பார்த்தது. நமக்கென்று ஒரு வண்டி என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் நிஜமானது.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருந்தது ஒரே தங்கை, பச்சையம்மாள். எலவனாசூர்கோட்டையில் கூலி வேலை செய்துவந்த இருசப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது அவருக்கு வயசு தாண்டிப்போயிருந்தது. அவருக்குப் பெண் பார்க்க வீட்டில் ஆளில்லை. அவராகப் போய்ப் பார்க்க வெட்கம். அப்படியே காலம் ஓடிவிட்டது.

தங்கைக்கு ஒரே மகள், செவ்வந்தி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அம்மாவும் மகளும் பஸ் ஏறி வந்து பத்து நாள் தங்குவார்கள். வருஷத்தில் அந்தப் பத்து நாள்தான் அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை வரும். செவ்வந்திக்குப் பீரோ முன்னால் நிற்பதே வேலை. மாமன் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"கையப் பின்னால கட்டிக்கினு பாக்கணும். கண்ணால பாரு, கையால பாக்கக் கூடாது. இன்னா?"

"சரி மாமா" என்று குட்டி கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மணிக்கணக்கில் அப்படியே நிற்பாள்.

அவருக்கு மனசு இளகும்போது பச்சைக் காரை மட்டும் வெளியே எடுப்பார். அவளைக் கையை நீட்டச் சொல்லி, அந்தக் கையின்மேல் காரை ஓட்டுவார். மணிக்கட்டுதான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. டுர்ர்ரென்று வாயாலேயே கியர் போட்டுக்கொண்டு மேலே ஏறுவார். முழங்கை வந்ததும் நிறுத்தி, "தியாகதுருகம் வந்தாச்சி, எறங்குறவங்கள்லாம் எறங்கு!" என்பார். அவளுக்குக் கூச்சம் தாங்காது, நெளிவாள். தோள்பட்டைக்கு வந்தால் எலவனாசூர்கோட்டை. "ஊரு வந்தாச்சி, டிக்கெட்டக் குடு" என்று கன்னத்தைக் கிள்ளுவார். இப்படியெல்லாம் விளையாடத் தெரிந்த மனுஷன்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம். செவ்வந்திக்கு ஏழு வயது. பொன்னுரங்கம் லோடு இறக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். காலையில் அவசரத்தில் பீரோ சாவியை எடுக்காமல் போயிருந்தார். அது பூட்டிலேயே தொங்கியது. எதிரில் செவ்வந்தி நின்றிருந்தாள். பச்சைக் காரின் கூரையில் குறுக்கே ஒரு விரிசல். பதறிப்போய்க் கையில் எடுத்தார். பின்பக்கம் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

"யாருடி ஒடச்சது?"

"நான் தொடல மாமா."

"பொய் சொல்லாத! நீயில்லாம வேற யாரு? சாவி தொங்குது, நீ நிக்கிற!"

"சத்தியமா தொடல மாமா. கையக் கட்டிக்கினுதான் பாத்தேன்."

சத்தியம் என்ற வார்த்தை அவள் வாயில் வந்திருக்கவேண்டாம். பொன்னுரங்கம் நேரே சாமி மாடத்துக்குப் போனார். ஒரு சூடத்தை எடுத்துப் பற்றவைத்தார். அந்தப் பக்கத்தில் வாய்ச் சத்தியத்துக்கு மதிப்பில்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால்தான் சத்தியம். ஊர்ப் பஞ்சாயத்தில் மீசை வைத்தவர்கள் செய்கிறதை ஏழு வயசுக் குழந்தையிடம் கேட்டார்.

"அணைடி. தப்பு பண்ணலன்னா ஒண்ணும் சுடாது. அணை!"

குழந்தை கையை நீட்டினாள். அதுதான் கொடுமை. மாமா சொன்னாரே என்று நம்பி நீட்டினாள். சூடு பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டாள். எந்தக் குழந்தைதான் இழுக்காது? பொன்னுரங்கம் என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தியா? இழுத்துக்கினா. அப்ப இவதான்."

அடுப்படியிலிருந்து ஓடிவந்த பச்சையம்மாள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு மகளின் கையை முந்தானையால் சுற்றினாள்.

"புள்ள கையில நெருப்ப வெக்கிறியேண்ணா, நீயெல்லாம் மனுசனா? அதுங்கதான் ஒனக்கு ஒசத்தின்னா அதுங்களையே கட்டிக்கினு கெட. இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தது.

ஒரு மாசம் போனால் கோபம் ஆறியிருக்கும். ஆறவிடவில்லை அவர். உடைந்த துண்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, பஞ்சு சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைத்தார். பார்க்கப் பார்க்கக் கோபம் புதுசாக வரும். அந்தப் பொங்கலுக்குத் தங்கைக்குச் சீர் அனுப்பவில்லை. அடுத்த பொங்கலுக்கும் இல்லை. தொண்ணூற்றேழில் செவ்வந்தி வயசுக்கு வந்தாள். தாய்மாமன் சீர் இல்லாமல் மஞ்சள் நீராட்டு நடக்குமா? ரோஷத்தை விழுங்கிக்கொண்டு பச்சையம்மாள் வெற்றிலை பாக்கோடு ஆள் அனுப்பினாள்.

"ஒடச்சேன்னு ஒத்துக்கச் சொல்லு. அப்பறம் வரேன்" என்று திருப்பி அனுப்பினார். யாரோ ஒரு பங்காளியை மாமன் என்று நிறுத்திச் சடங்கை முடித்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பச்சையம்மாள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். சாவுக்குப் போகாமல் இருக்கமுடியாது. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுத்துக்கொண்டு போனார். தங்கைமேல் போர்த்தினார். அப்போது செவ்வந்தி வந்து எதிரில் நின்று, "மாமா" என்றாள். இவர் தரையைப் பார்த்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். அதற்குள் வேலையிலிருந்தும் நின்றுவிட்டிருந்தார். பிறகு வீடு, பீரோ, ஜன்னல், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, ஐப்பசி மாதம். மூன்று நாளாக மலைப்பக்கம் மழை விடவில்லை. காலையில் பிரஷ்ஷால் தூசி தட்டப் பீரோவைத் திறந்தார். இரண்டாவது தட்டில் நீல பஸ். அதுவும் யுத்தத்துக்கு முந்தினது. அதன் கூரையில் குறுக்கே ஒரு விரிசல்.

முதலில் வந்தது கோபம்தான். "யாருடா அது?" என்று சத்தமாகவே கேட்டார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

எலியா? பீரோவில் ஓட்டையில்லை. பூனையா? கதவு சாத்தியிருந்தது. சாவி அரைஞாண் கயிற்றில், அவர் இடுப்பில். சரி, யார் உள்ளே வந்தது என்று உட்கார்ந்து யோசித்தார். கேஸ் சிலிண்டர்காரர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார். எதிர்வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட வெளியிலிருந்தே கொடுத்தார்கள். அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? விரலை மடக்க ஒரு பெயர் அகப்படவில்லை. அந்த அறைக்குள் அவரைத் தவிர வேறு ஆள் கால் வைத்து எத்தனை வருஷம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பழி போடக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.

மேல்தட்டிலிருந்து மாத்திரை டப்பாவை இறக்கினார். இருபத்திரண்டு வருஷமாகக் கோபத்துக்கு மட்டும் பார்த்த துண்டுகளை முதல் தடவையாக டிரைவர் கண்ணால் பார்த்தார். எத்தனை லாரி பார்த்தவர்! மோதின வண்டிக்கும், லோடு தாங்காமல் தானே விட்டுப்போன சேசிஸ் சட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? கீழே விழுந்திருந்தால் எங்காவது ஒரு மூலை நசுங்கியிருக்கவேண்டும், பெயின்ட் சில்லு பெயர்ந்திருக்கவேண்டும். பச்சைக் காரில் ஒரு நசுங்கல் இல்லை. உடைந்த வாய் மட்டும் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. நீல பஸ்ஸின் விரிசலிலும் அதே சாம்பல், அதே பொரபொரப்பு.

"அய்யய்யோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனார். தனசேகரன் கிழவராகிவிட்டார், சாக்கு மட்டும் அதே இடத்தில் இருந்தது. துண்டுகளைக் கையில் வாங்கியதுமே தலையாட்டினார்.

"இது சீக்குய்யா. காய்ச்சும்போதே ஒரு பொட்டு ஈயம் கலந்துட்டிருக்கும். அன்னிக்கே சீக்கு புடிச்சாச்சு. வெளிய பளபளன்னு இருக்கும். உள்ளுக்குள்ளயே ஊதிக்கினு ஊதிக்கினு போயி, ஒருநாளு வெடிச்சிடும். அம்பது வருசம் கழிச்சியும் வெடிக்கும், எழுபது வருசம் கழிச்சியும் வெடிக்கும்."

"தொடாம இருந்தாலுமா?"

"யாரும் தொட வேணாம். நீ ஈரம் படாம வெச்சா கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான். யுத்தத்துக்கு அப்பறமா வந்த வண்டிங்களுக்கு இது வராது, அப்ப நல்ல உலோகமா போட்டான். ஏன், இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? எத்தினியோ பேருக்கு ஒடஞ்சிருக்கு."

"இல்ல. ஒரு புள்ள மேல பழி போட்டுட்டேன்" என்றார் பொன்னுரங்கம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கையிடம் சொல்ல வழியில்லை. செவ்வந்தியிடமாவது சொல்லியாகவேண்டும், இவரும் கண்ணை மூடிவிட்டால் அந்தப் பொய் அப்படியே நின்றுவிடும். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பையில் மாத்திரை டப்பாவைப் போட்டார். நீல பஸ்ஸைப் பஞ்சு சுற்றிப் போட்டார். யுத்தத்துக்குப் பிறகு வந்த ஒரு சிவப்புக் காரையும் எடுத்துக்கொண்டார். கடைசியாகச் சாமி மாடத்திலிருந்து ஒரு சூடத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

செவ்வந்தி உள்ளூரிலேயே வாக்கப்பட்டிருந்தாள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பச்சையம்மாளின் அதே முகம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் சேரையும் இழுத்துப் போட்டாள். குறை சொல்ல முடியாதபடி எல்லாம் செய்தாள், ஒரு விருந்தாளிக்குச் செய்வது மாதிரி.

பொன்னுரங்கம் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். நீல பஸ்ஸின் விரிசல், ஈயம், சீக்கு, தனசேகரன் சொன்னது. டப்பாவைத் திறந்து காட்டினார். "நீ ஒடைக்கல பாப்பா. யாருமே ஒடைக்கல. அது தானா வெடிச்சிச்சி" என்றார்.

"நான் ஒடைக்கலன்னு எனுக்குத் தெரியுங்க மாமா" என்றாள் அவள்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டுச் சூடத்தை எடுத்தார். "நான் அணைக்கிறேன். ஒன் எதுருல, என் கையில. அப்பவாச்சும்..."

"வேணாங்க. உள்ள வையுங்க. புள்ளைங்க இருக்குது, பயந்துக்கும்."

அவர் எடுத்த சூடத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். செவ்வந்தி டப்பாவுக்குள் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன் மாமா. அம்மா செத்தப்ப எதுருல வந்து நின்னேன், ஒரு வார்த்த பேசல நீங்க. இப்ப அந்த நீல பஸ்ஸு வெடிக்காம இருந்திருந்தா, வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

"மாட்டேன் பாப்பா" என்றார்.

"ம். பொய் சொல்லாம சொன்னீங்களே" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்க. ஒலை வெக்கிறேன், சாப்பிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பொன்னுரங்கம் சேரில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த இரண்டு பெண் குழந்தைகள் கதவோரம் நின்று அவரையே பார்த்தன. பெரியவளுக்கு எட்டு வயது இருக்கும், சின்னவளுக்கு ஆறு. சிவப்புக் காரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டும் ஓடிவந்தன. இரண்டடி தள்ளி நின்றன. நின்ற உடனே, யாரும் எதுவும் சொல்லாமலே, இரண்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டன.

பொன்னுரங்கம் காரை மடியில் இறக்கினார்.

"யாரு... யாரு கண்ணு இப்டி நிக்கச் சொன்னது?"

"அம்மா" என்றாள் பெரியவள். "அடுத்தவங்க பொருளுன்னா கையக் கட்டிக்கினுதான் பாக்கணும். இல்லன்னா ஒடஞ்சிடும்."

"இது ஒடையாது. ஒடஞ்சாலும் போவுது. புடி கண்ணு, ஒனக்குத்தான். கைய நீட்டு."

பெரியவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். சின்னவள் அக்காவைப் பார்த்துவிட்டு அவளும் தலையாட்டினாள். நீட்டிய கையில் கார் கனத்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. செவ்வந்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பொன்னுரங்கம் சட்டைக் கையை மேலே சுருட்டினார். காரைத் தன் மணிக்கட்டின்மேல் வைத்தார். "இது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு" என்றார். டுர்ரென்று வாயால் கியர் போட்டார். கிழட்டுத் தொண்டை, பாதியில் இருமல் வந்தது. சுருங்கிப்போன தோலின்மேல் சிவப்புக் கார் மெல்ல மேலே ஏறியது. முழங்கையில் நிறுத்தினார்.

"தியாகதுருகம் வந்தாச்சி, எறங்குறவங்கள்லாம் எறங்கு."

சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஒரு அடி முன்னால்கூட வந்தாள். கையை மட்டும் பின்னாலிருந்து எடுக்கவில்லை.